பழக்கிய நாய் பழக்கம் மாறும்போது



நாயைப் பற்றி ஒரு முஸ்லிம் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் நம்மில் உண்டு. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பதைச் சிறு வயது மதரஸாவிலேயே நாம் பாடமாகப் படித்துவிட்டோம். அதற்கப்பால் அப்பிராணியைக் குறித்து நமக்குச் சொல்லித் தரப்பட்டது சொற்பம். ஆனால் அதே மார்க்கம், பழக்கப்பட்ட நாய் பிடித்து வைத்திருக்கும் வேட்டையை உண்பதற்கு அனுமதி அளித்திருக்கிறது. எந்த நாய் பழக்கப்பட்டது, அதன் பழக்கம் எப்போது முறிந்ததாகக் கொள்ளப்படும், முறிந்தால் என் செய்வது என்பனவற்றையெல்லாம் நம் சட்ட அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர்.

இந்தப் பாடத்தை நான் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம் அல்லன். வளைகுடா நாடு ஒன்றில், பாலைவன ஓரத்துப் பண்ணையொன்றில் பல ஆண்டுகள் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் பராமரித்த ஊழியன். அங்கே என் பொறுப்பில் இருந்த ஒரு நாயின் குணம் திடீரென்று மாறியபோதுதான், அதுவரை ஏட்டில் மட்டும் இருந்த சட்டங்கள் என் கையில் வந்து நின்றன. அந்த அனுபவம் வேறு எவருக்கேனும் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

சலூகி என்னும் வேட்டைத் துணை

அரபு மண்ணின் வேட்டை நாய்க்குச் சலூகி என்று பெயர். ஒடுங்கிய முகமும், நீண்ட கால்களும், விலா எலும்புகள் எண்ணத்தக்க மெலிந்த உடலும் கொண்டது. மோப்பத்தைவிடக் கண்பார்வையால் வேட்டையாடும் இனம். தட்டையான நிலத்தில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓட வல்லது. காதிலும் வாலிலும் பட்டுப்போல் நீண்ட முடி தொங்குவது ஒரு வகை. உடல் முழுவதும் வழவழப்பாக இருப்பது மற்றொரு வகை.

பாலைவனத்துப் பதூக்கள் பிற நாய்களைக் கூடாரத்திற்கு வெளியே நிறுத்தினாலும், சலூகியை உள்ளே அனுமதித்தனர். 'கல்பு' என்னும் பொதுச்சொல்லால் அதனை அழைக்காமல், உயர்ந்தது என்னும் பொருளில் 'ஹுர்' என்று அழைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. இராசாளியை வானில் ஏவி, சலூகியைத் தரையில் ஏவி, முயலையும் மானையும் பிடித்து உண்ட காலத்தில் அக்குடும்பங்களுக்கு இறைச்சி கிடைத்த வழி அதுதான். அதன் பாதங்கள் மணலிலும் சரளையிலும் கிழியாமல் இருக்க மருதாணி அரைத்துப் பூசுவர். எங்கள் பண்ணையிலும் பருவம் தொடங்குமுன் நாய்களுக்கு மருதாணி இடுவது என் வேலைகளுள் ஒன்று.

இன்று வேட்டை என்பது பிழைப்புக்கான வழி அன்று. எந்த விலங்கை, எந்தப் பருவத்தில், எவ்விடத்தில், யார் பிடிக்கலாம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே தீர்மானிக்கிறது. பல இடங்களில் சலூகிகள் பந்தயத்தில் மட்டுமே ஓடுகின்றன. எங்கள் அர்பாப் சட்டத்திற்கு அஞ்சுபவர். அனுமதிக்கப்பட்ட பருவத்தில், அனுமதிக்கப்பட்ட நிலத்தில், ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் முயல் வேட்டைக்குச் செல்வார்.

அப்பண்ணையில் நஸீம் என்னும் பெயருடைய ஐந்து வயது ஆண் சலூகி ஒன்று இருந்தது. நஸீம் என்றால் தென்றல். அர்பாப் விரலால் சுட்டி, அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவினால் பாயும். அழைத்தால் பாதி வழியிலும் நின்று திரும்பும். முயலைப் பிடித்தால் முன்னங்கால்களால் அழுத்தியபடி நாங்கள் வரும்வரை காத்திருக்கும். பெரும்பாலும் முயல் உயிரோடிருக்கும். அர்பாப் அதனைக் கையில் வாங்கி முறைப்படி அறுப்பார். மூன்று பருவங்களில் ஒரு முறைகூட அது வேட்டையில் பல் பதித்துத் தின்றதில்லை.

மாற்றம்

அவ்வாண்டு குளிர்கால மழை முன்னதாகவே பெய்திருந்தது. வெற்று மணலாகக் கிடந்த பள்ளங்களில் புல் முளைத்து, வேட்டைப் பருவத்தின் கடைசி வாரங்களில் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. அவ்வாரங்களில்தான் நஸீமின் நடத்தையில் முதல் மாற்றம் தெரிந்தது. அழைத்தால் திரும்பிப் பார்க்கும்; ஆனால் வராது. பத்தடி தொலைவில் நின்று சுற்றிச் சுற்றி வரும். கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கை நீட்டினால் தலையை ஒதுக்கும். ஒரு நாள் மாலை உறுமியது. நான் அதன் உறுமலை அதற்குமுன் கேட்டதே இல்லை.

அடுத்த வேட்டையில் அது முயலைத் துரத்திப் பிடித்தது. எங்களுக்காகக் காத்திராமல், வாயில் கவ்விக்கொண்டு தொலைவில் இருந்த மணல் மேட்டின் மறைவுக்குச் சென்றது. நாங்கள் வண்டியில் சுற்றிச் சென்று சேர்ந்தபோது முயல் இறந்திருந்தது. அதன் தொடைச் சதையில் ஒரு பகுதி தின்னப்பட்டிருந்தது. அர்பாபின் தம்பி மகன் அதனை எடுக்க முயன்றபோது நஸீம் பல்லைக் காட்டியது. கடிக்கவில்லை. ஆனால் கடித்திருக்கும் என்றே அனைவரும் எண்ணினர்.

அன்றிரவு பண்ணையில் ஆளுக்கொரு கருத்து. மாட்டுத் தொழுவத்தில் பணிபுரிந்தவர், நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்றார். அர்பாபின் உறவினர் ஒருவர், இரத்தச் சுவை கண்ட நாய் இனித் திருந்தாது, தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றார். எங்களுடன் வண்டி ஓட்டிய காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, சென்ற வாரம் வந்த விருந்தாளிகள் இதன் ஓட்டத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்கள். இது கண்ணேறுதான். ஓதிப் பார்ப்போம்" என்றார்.

"ஓதுவோம் காக்கா. கண்ணேறு உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்தும் அல்லாஹ் இறக்கியதுதானே? மருத்துவரிடமும் காட்டிவிடுவோம்" என்றேன். அவர் நல்ல மனிதர், உடனே தலையசைத்தார்.

அர்பாப் நெடுநேரம் பேசவில்லை. இறுதியில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இந்த முயலை உண்ணலாமா? இந்த நாயை வைத்திருக்கலாமா? இரண்டும் ஒரே கேள்வி போல அவர் குரலில் ஒலித்தன. உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகள். அவ்விரண்டையும் பிரித்தறிவதில்தான் ஒரு பிராணியின் உயிர் தங்கியிருந்தது.

இறைச்சி பற்றிய சட்டம்

முதல் கேள்விக்கு வருவோம். திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயமான அல்மாயிதாவின் நான்காவது வசனம் வேட்டைப் பிராணிகளைப் பற்றியது. மனிதர் பயிற்றுவித்த வேட்டைப் பிராணிகள் அவர்களுக்காகப் பிடித்துவைத்தவற்றை, அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்பது அதன் கருத்து. அப்பிராணிகளுக்கு மனிதன் கற்பிக்கும் கல்விகூட இறைவன் மனிதனுக்கு அளித்த அறிவிலிருந்து வந்ததே என்றும் அவ்வசனம் நினைவூட்டுகிறது. நாய் பழக்குபவன் தன் திறமையில் செருக்குக் கொள்ள அங்கே இடமில்லை.

தய் குலத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நாய் வேட்டையில் ஈடுபாடு உடையவர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் இது குறித்துக் கேட்ட செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பழக்கப்பட்ட நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவினால் அது பிடித்ததை உண்ணலாம். ஆனால் நாய் அதிலிருந்து தின்றிருந்தால் உண்ணலாகாது, ஏனெனில் அது தனக்காகவே பிடித்திருக்கக் கூடும் என்பது அதன் சாரம். வேறு நாய்கள் கலந்துகொண்டாலும் உண்ணலாகாது. நாம் பெயர் கூறி ஏவியது நம் நாயை மட்டுமே.

அபூ ஸஃலபா அல்குஷனீ (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் உள்ள ஓர் அறிவிப்பு, நாய் தின்றிருந்தாலும் உண்ணலாம் என்னும் கருத்தைத் தருகிறது. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில் இமாம்கள் வேறுபட்டனர். மாலிகீ மத்ஹபில், தின்றுவிட்ட வேட்டையும் ஆகுமானது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், தின்ற வேட்டை கூடாது என்பதோடு நில்லாமல், அந்த நாய் முன்பு பிடித்து இன்னும் உண்ணாமல் சேமித்து வைத்திருக்கும் இறைச்சியும் கூடாது என்றார்கள். அது உண்மையில் பழகியிருக்கவே இல்லை என்பது இப்போது வெளிப்பட்டுவிட்டது என்பது அவர்களுடைய நோக்கு. அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் முந்தைய வேட்டைகளை விலக்கவில்லை.

எங்கள் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலையை இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' சுருக்கமாகத் தருகிறது. ஏவினால் செல்ல வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னாமல் வைத்திருக்க வேண்டும். இவை மீண்டும் மீண்டும் நிகழ்ந்து, பழகிவிட்டது என்னும் உறுதி ஏற்பட வேண்டும். அவ்வாறு பழகிய நாய் பின்னொரு நாள் வேட்டையின் சதையைத் தின்றால், வலுவான கருத்தின்படி அந்த வேட்டை ஆகாது. நாய்க்குப் புதிதாகப் பயிற்சி அளிக்க வேண்டும். இரத்தத்தை நக்கியதால் மட்டும் கெடுதல் இல்லை. நாய் பல் பதித்த இடம் அசுத்தம். அதனை நீராலும் மண்ணாலும் முறைப்படி கழுவினால் போதும், வெட்டி எறிய வேண்டியதில்லை.

இன்னொன்றும் மறக்கலாகாது. முயலை உயிரோடு அடைந்து நாமே அறுத்துவிட்டால், நாய் பழகியதா இல்லையா என்னும் கேள்விக்கே அவசியமில்லை. பழகாத நாய் பிடித்ததையும் அப்படி அறுத்து உண்ணலாம்.

எங்கள் முயல் இறந்திருந்தது; தின்னவும் பட்டிருந்தது. ஆகவே அர்பாப் அதனை உண்ணவில்லை. முதல் கேள்வி அத்துடன் முடிந்தது.

நாய் பற்றிய தீர்ப்பு

இரண்டாவது கேள்விக்குத்தான் பலர் முதல் கேள்வியின் விடையையே தந்துவிடுகின்றனர். வேட்டை ஹராமாகிவிட்டது, எனவே நாயும் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகின்றனர். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 'அது தனக்காகப் பிடித்தது' என்பது இறைச்சியின் நிலையை அறிவதற்கான அளவுகோல். நாயின் மீது சுமத்தும் குற்றச்சாட்டு அன்று. நாய்க்குச் சட்டக் கடமை இல்லை, பாவமும் இல்லை, மறுமை விசாரணைக்கு அஞ்சி வாழும்படி அது ஏவப்படவும் இல்லை. ஃபிக்ஹு நூல்கள் அதற்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. புதிய பயிற்சி கொடு என்று மட்டும் சொல்கின்றன. அதாவது, பொறுப்பு மனிதனிடமே திரும்பி வருகிறது.

வேட்டைக்காகவும், கால்நடைகளையும் பயிரையும் காப்பதற்காகவும் நாய் வைத்துக்கொள்ள நமக்கு அனுமதி உண்டு. தேவையின்றி வைத்திருப்போரின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இதனைச் சுட்டிக்காட்டி, வேட்டைக்கு உதவாத நாயை வைத்திருப்பதே தவறு என்று அர்பாபின் உறவினர் வாதிட்டார். மீண்டும் பயிற்றுவிக்கும் எண்ணத்துடன் வைத்திருக்கும் நாயும் வேட்டைக்கான நாயே என்று நான் பணிவாகச் சொன்னேன். மேலும், அந்த நாய் எங்கள் பண்ணையைக் காவல் காத்தும் வந்தது.

நீரும் நிழலும் அற்ற மணலில், மனிதர் கையால் உண்டு வளர்ந்த ஒரு பிராணியைக் கொண்டுபோய் விடுவது அதனைக் கொல்வதற்குச் சமம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையையும், தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் நீர் முகந்து கொடுத்து மன்னிப்புப் பெற்ற மனிதரின் கதையையும் நம் பிள்ளைகள்கூட அறிவர். அவற்றைவிட அன்று என் நினைவுக்கு வந்தது மற்றொரு நிகழ்ச்சி. மதீனாவில் அன்சாரி ஒருவரின் தோட்டத்திற்குள் நபி (ஸல்) அவர்கள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்தது. அவர்கள் அதன் காதின் பின்புறம் தடவிக் கொடுக்க, அது அமைதியடைந்தது. பிறகு உரிமையாளரை அழைத்து, அதனைப் பசியில் வாட்டி, ஓயாது வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கூறி, அல்லாஹ்வுக்கு அஞ்சும்படி எச்சரித்தார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.

பிராணியின் நடத்தை மாறினால் அது ஒரு முறையீடு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. முறையீட்டை நபியவர்கள் நேரடியாக அறிந்தார்கள். நம்மைப் போன்றோர் தேடித்தான் அறிய வேண்டும்.

அர்பாப் அம்மாத இறுதிவரை தவணை கொடுத்தார்.

காரணத்தைத் தேடுதல்

முதலில் வெறிநோய் அச்சத்தை நீக்க வேண்டியிருந்தது. நாயின் குணம் திடீரென மாறினால், சாது மூர்க்கமானாலும் சரி, மூர்க்கம் சாதுவானாலும் சரி, வெறிநோயை நினைத்தே ஆக வேண்டும். நரி, குள்ளநரி உலவும் நிலத்தில் ஓடும் வேட்டை நாய்க்கு அந்த ஆபத்து மிகுதி. நஸீமுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்பட்டிருந்தது, பதிவேடும் இருந்தது. ஆயினும் அதனைத் தனிக்கூண்டில் வைத்து, குழந்தைகள் எவரும் அருகில் செல்லாமல் பார்த்துக்கொண்டோம். நாய் கடித்துவிட்டால் காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. இதில் மட்டும் எவரும் அலட்சியம் காட்டலாகாது.

கூண்டில் வைத்து இரண்டு நாள்கள் கவனித்தேன். தண்ணீர் இயல்பாகக் குடித்தது. மென்மையான இறைச்சியை உண்டது. எலும்பைக் கொடுத்தால் இரண்டு முறை கடித்துவிட்டு விலகியது. அடிக்கடி தலையை உதறியது. அமரும்போது தலை இடப்பக்கம் சற்றே சாய்ந்தது. வலப்பக்கத்திலிருந்து நெருங்கினால் பொறுத்துக்கொண்டது. இடப்பக்கத்திலிருந்து கை வந்தால் உதடு மடிந்தது. இவற்றை ஒரு தாளில் தேதியிட்டு எழுதிக்கொண்டேன்.

நகரத்துக் கால்நடை மருத்துவர் என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள் என்றார். பின்பு மயக்க மருந்தைப் பற்றி விளக்கினார். சலூகி போன்ற மெலிந்த இனங்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. ஆதலால் சில வகை மயக்க மருந்துகள் அவற்றில் நெடுநேரம் தங்கிவிடும். ஏற்ற மருந்தைத் தேர்ந்து, அளவறிந்து கொடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைவாகத் தெரிந்தது. அதற்கு மருந்து தேவையா என்று கேட்டேன். இவ்வினத்திற்கு அவ்வளவு இருப்பதே இயல்பு, பிற இனங்களின் அளவை வைத்து இதனை நோயாளி ஆக்கிவிடக் கூடாது என்றார். உண்ணிக் காய்ச்சலும் இல்லை என்பது தெரிந்தது.

மயக்கத்தில் இருந்தபோது செவிக்குள் கருவியை விட்டுப் பார்த்தார். நாயின் செவிக் குழாய் நேரானது அன்று. கீழ்நோக்கி இறங்கிப் பின் உள்நோக்கித் திரும்பும். அந்தத் திருப்பத்திற்கு அப்பால், செவிப்பறையை ஒட்டி, ஒரு புல்விதை குத்தி நின்றது. நுனியில் ஊசியும் பின்னால் நீண்ட வாலும் கொண்ட விதை. முன்னோக்கி நகருமேயன்றிப் பின்னோக்கி வராதபடி அமைந்தது. அதனைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரிந்திராது. காதின் நீண்ட முடி அதனை மேலும் மறைத்திருந்தது.

எல்லாம் அப்போது விளங்கிற்று. நாங்கள் அழைத்துக் கழுத்துப் பட்டையைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்துச் செவியில் வலி தெறித்திருக்கிறது. எனவே அழைப்பு என்பது வலி என்று அது கற்றுக்கொண்டது. பிடித்த முயலுடன் காத்திருந்தால் நாங்கள் வருவோம், கை நீட்டுவோம், மறுபடி வலிக்கும். ஆகவே மறைவுக்குச் சென்றது. மறைவில், எவரும் இல்லாத நேரத்தில், வாயில் இரையுடன் இருக்கும் நாய் என்ன செய்யுமோ அதைச் செய்தது. எங்கள் பயிற்சியை அது மறக்கவில்லை. அந்தப் பயிற்சிக்கு மேல் வலி ஒரு புதிய பாடத்தை எழுதிவிட்டது.

புதிய பயிற்சி

விதை எடுக்கப்பட்டது, சில வாரங்கள் சொட்டு மருந்தும் வலி நீக்கியும் தொடர்ந்தன. வலி போனவுடன் பழைய நாய் திரும்பி வந்துவிடும் என்று அர்பாப் எதிர்பார்த்தார். அவ்வாறு நிகழவில்லை. காயம் ஆறிய பின்னும் அச்சம் ஆறுவதற்குக் காலம் வேண்டும். ஃபிக்ஹு நூல் 'புதிதாகப் பயிற்சி' என்று கேட்டது. அந்தப் பிராணிக்கும் அதுவே தேவைப்பட்டது.

குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது போல முதலிலிருந்து தொடங்கினேன். கழுத்துப் பட்டையைக் கழற்றி, மார்போடு சேரும் அகன்ற வாரைப் பூட்டினேன். முதல் வாரம் தோளைத் தொட்டு ஒரு துண்டு இறைச்சி; அடுத்து கழுத்தின் வலப்பக்கம், பின் இடப்பக்கம், இறுதியில் காதின் அடிப்பகுதி. உடல் விறைத்தால் ஒரு படி பின்வாங்குவேன். உறுமலுக்காக ஒரு முறைகூட அதட்டவில்லை. உறுமல் என்பது எச்சரிக்கை. அதனை அடித்து அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கையின்றிக் கடி விழும்.

அழைப்புக்கும் அப்படியே. பழைய அழைப்பொலி கெட்டுவிட்டதால் புதிய சொல் ஒன்றை வைத்தேன். பத்தடி தொலைவு, நீண்ட கயிறு, வந்தால் இறைச்சி. வந்தவுடன் பிடித்துக் கட்டாமல் மறுபடி விளையாட விட்டேன். வருவதால் எதையும் இழப்பதில்லை என்று அது அறிய வேண்டும். பிறகு வைக்கோல் அடைத்த முயல் தோலைக் கயிற்றில் இழுத்து ஓடவிட்டு, பிடித்ததை விட்டுக்கொடுத்தால் அதனினும் சுவையானதைக் கொடுத்தேன். பறித்தால் பதுக்கும், மாற்றிக் கொடுத்தால் விடும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடத்திற்கு மிகாமல், ஃபஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும்.

இரண்டு மாதங்களில், சுற்றிவளைக்காமல் நேராக என் முழங்காலை நோக்கி ஓடிவந்தது. அடுத்த பருவத்தில், ஏவி, நிறுத்தி, பிடிக்கவிட்டு ஆகிய ஒவ்வொன்றையும் பலமுறை சோதித்த பிறகே பழகிவிட்டது என்று அர்பாப் ஏற்றுக்கொண்டார். சோதனைக் காலத்தில் பிடிபட்டவற்றை உயிரோடு அடைந்து அறுத்தால் மட்டுமே உண்டார். ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பிறகும் காது, கண், விரல் இடுக்கு, பல் இவற்றைப் பார்த்துவிட்டே நாயை வண்டியில் ஏற்றுவது என்னும் வழக்கம் அப்பண்ணையில் அன்று தொடங்கியது.

நம் ஊர்ச் சகோதரர்களுக்கு

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டையும் குற்றமே. சட்டத்தை மீறிப் பிடிப்பதற்கு மார்க்கத்தின் வேட்டை அனுமதியைத் துணைக்கு அழைப்பது நேர்மையன்று. ஆயினும் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள் நம் தென்மாவட்டங்களில் இன்றும் தோட்டத்தையும் ஆட்டுக்கிடையையும் காத்து வருகின்றன. அவற்றை வைத்திருக்கும் நம் சகோதரர்களும் உண்டு. அவர்களுக்குச் சில சொற்கள்.

பழகிய நாயின் குணம் திடீரென மாறினால் முதலில் உடலைப் பாருங்கள். காது, பல், பாதம், மூட்டு, கண் ஆகியவற்றில் மறைந்திருக்கும் வலியே பல நேரங்களில் காரணமாக இருக்கும். உண்ணிகளால் வரும் காய்ச்சல் நாயைச் சோர்வடையச் செய்து, சொன்னதைக் கேளாதது போல் காட்டும். வயதான நாய் அழைத்தும் வராவிட்டால், செவி மங்கியிருக்கலாம். அந்தியில் தடுமாறினால் கண் மங்கியிருக்கலாம். பெட்டை நாய் பருவம் முடிந்து இரண்டு மாத அளவில், குட்டி இல்லாமலேயே குட்டி ஈன்றது போல் நடந்து, பொருள்களைப் பதுக்கி உறுமக் கூடும். உடலில் ஒன்றும் இல்லையெனில் சூழலைப் பாருங்கள்: புதிய ஆள், புதிய நாய், வெடிச்சத்தம், மாறிய உணவு, யாரோ மறைவில் கொடுத்த அடி. எப்போது, எங்கே, யாரிடம் மாறுகிறது என்பதை எழுதி வையுங்கள். அதற்குப் பிறகே பயிற்சியைப் பற்றி யோசியுங்கள்.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வொன்றைக் குறித்தும் நாம் கேட்கப்படுவோம் என்பது நமது நம்பிக்கை. மனைவி மக்கள், ஊழியர் என்று நாம் எண்ணும் அப்பட்டியலில் பேசத் தெரியாதவையும் அடங்கும். அவை தம் துன்பத்தைச் சொல்வதற்கு நடத்தையைத் தவிர வேறு மொழி இல்லை. கீழ்ப்படியாமை என்று நாம் பெயரிடும் பலவும் அம்மொழியில் சொல்லப்பட்ட வாக்கியங்களே.

வாயில்லாப் பிராணிகளின் முறையீட்டை அறிந்துகொள்ளும் பொறுமையையும், அவற்றிடம் நீதியாக நடந்துகொள்ளும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.